மிதிபடும் எழுத்து

வீட்டு டிவி ரிமோட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சத்தம் கூட்டும் பொத்தானில் குறி பாதி தேய்ந்திருக்கும். யாரும் தொடாத மூலைப் பொத்தான்களில் எழுத்து வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும். விரல் பட்ட இடம் தேய்கிறது, இதில் புதிர் ஒன்றும் இல்லை. புதிர் கணினி விசைப்பலகையில்தான் இருக்கிறது. சில விசைப்பலகைகள் சீக்கிரமே வழுக்கையாகிவிடுகின்றன. வேறு சில பல ஆண்டுகள் தட்டு வாங்கியும் ஓர் எழுத்தைக்கூட இழப்பதில்லை. விரலும் அதே, அடியும் அதே என்றால் வேறுபாடு எங்கே?

எழுத்து இருக்கும் இடத்தில். முதல் வகையில் எழுத்து என்பது பிளாஸ்டிக்கின் மேலே அச்சிட்ட மெல்லிய மைப்படலம். இரண்டாம் வகையில் எழுத்தே தனி நிறப் பிளாஸ்டிக். அதோடு சேர்த்து வேறு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். மேலே கொஞ்சம் தேய்ந்தால் அதற்குக் கீழேயும் அதே எழுத்துதான்.

இதே கேள்வியை விரலுக்குப் பதிலாகச் செருப்புக் காலை வைத்துக் கேட்க வேண்டிய நிலையில் ஒரு கூட்டம் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிதாருக்கான எஃபெக்ட்ஸ் பெடல்களைத் தாங்களே செய்துகொள்பவர்கள். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்ன உலோகப் பெட்டிதான் பெடல். கிதாரிலிருந்து வரும் மின்குறிகையின் உச்சியை வெட்டியோ, தாமதப்படுத்தியோ, அலைய விட்டோ வேறொரு ஒலியாக மாற்றி அனுப்பும். வாசிப்பவருடைய இரண்டு கையும் கிதாரில் இருப்பதால் சுவிட்சைக் காலால்தான் மிதிக்க வேண்டும்.

கிப்சன் நிறுவனம் மேஸ்ட்ரோ என்ற பெயரில் 1962-இல் விற்பனைக்கு விட்ட ஃபஸ்-டோன் பெட்டியில் இரண்டே குமிழ்கள் இருந்தன. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் அந்தக் கரகரப்பு ஒலித்த பிறகு உலகத்துக் கிதார் வாசிப்பாளர்கள் எல்லாருக்கும் அது தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் வட்டமாக இருந்தது: இரண்டு குமிழ்கள் கண்கள், கீழே வளைத்து எழுதிய பெயர் வாய். அதன் உள்ளே இருந்தது இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், அந்த இரண்டு குமிழ்களுக்கான பொட்டென்ஷியோமீட்டர்கள். அவ்வளவுதான். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் இதை ஒரே மாலையில் செய்து முடித்துவிடலாம்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பம். சுற்று பாடுகிறது, பெட்டியோ மொட்டை அலுமினியமாக நிற்கிறது. எந்தக் குமிழ் எது என்று செய்தவருக்கே மறுவாரம் மறந்துபோகும். பெயர் எழுத வேண்டும், முடிந்தால் ஒரு படமும் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் கணினியில் படம் வரைவதிலேயே முழு உழைப்பையும் கொட்டுகிறார்கள். மூன்றாவது கச்சேரியில் அந்தப் படம் உரிந்து வரும்போது மையைத் திட்டுகிறார்கள். மை பாவம், அதற்கு இதில் பங்கு குறைவு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எதுவும் ஏதோ ஒரு எல்லையில்தான் பிய்கிறது. இரண்டு அடுக்குகள் சந்திக்கும் அந்த எல்லையை இடைப்பரப்பு என்று சொல்லலாம். எந்த இடைப்பரப்பு எல்லாவற்றிலும் பலவீனமானதோ அதுதான் எழுத்தின் ஆயுள். பெட்டிக்கு எழுத்து போடும் வேலை முழுவதையும் இந்த ஒரு கண்ணோடு பார்த்தால் பல குழப்பங்கள் விலகும்.

முதல் இடைப்பரப்பு உலோகத்தில் இருக்கிறது. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது கனடாவின் ஹேமண்ட் நிறுவனம் பிரபலப்படுத்திய 1590பி போன்ற வார்ப்புப் பெட்டி, அல்லது அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி. நீளம் சுமார் 112 மி.மீ., அகலம் 60 மி.மீ. உருகிய அலுமினியக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பார்கள். வார்ப்பு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகு, சிலிக்கோன் போன்ற வழுக்குப் பொருளை அச்சில் தெளிப்பது வழக்கம். அதில் கொஞ்சம் பெட்டியோடு வெளியே வரும். பிறகு துளையிடும் எண்ணெய், நம் விரல் எண்ணெய். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பெட்டியின் மேல் இத்தனையும் இருக்கின்றன. எதுவும் ஒட்டக்கூடாது என்பதற்காகவே தயாரித்த பொருளின் மேல் நாம் எழுத்தை ஒட்டப் பார்க்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருப்பதை எப்படி அறிவது? பெட்டியைத் தண்ணீரில் முக்கித் தூக்குங்கள். தண்ணீர் ஒரே படலமாக, எங்கும் அறுபடாமல் வழிந்தால் பரப்பு சுத்தம். ஓரிடத்தில் படலம் பிளந்து தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. தொழிற்சாலைகளில் வண்ணம் பூசுமுன் இன்றும் செய்யும் சோதனை இது. செலவு ஒரு வாளித் தண்ணீர்.

ஏன் இப்படி? தாமரை இலைத் தண்ணீர் என்று ஒட்டாத உறவுக்குச் சொல்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துக்கொள்பவை. உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு. பரப்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் துணையில்லை. அந்தக் குறைதான் பரப்பு ஆற்றல். சுத்தமான உலோகப் பரப்புக்கு இந்தக் குறை அதிகம். மேலே எது வந்து மூடினாலும் அதற்கு லாபம், ஆகவே தண்ணீரை இழுத்துப் பரப்பிவிடும். மெழுகும் எண்ணெயும் திருப்தியான பரப்புகள். தண்ணீரின் மேல் அவற்றுக்கு ஆர்வம் இல்லை. தண்ணீர் தன்னோடு தானே சேர்ந்து உருண்டையாகிவிடும். துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணத்தை, அதாவது தொடுகோணத்தை, அளந்தாலே யாருடைய இழுப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம் என்பதை இங்கிலாந்தின் தாமஸ் யங் 1805-இல் விளக்கினார். பெயின்ட்டும் பசையும் முதலில் திரவங்கள்தான். பரவாத திரவம் இறுகிய பிறகு ஒட்டி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே சோப்பு, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன், நடுவில் உப்புத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பரப்பைக் கீறிப் பிடிமானம் தருவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுக்கோடு சேர்த்து மேல்தோலையே நீக்கிப் புதிய பரப்பைத் திறந்துவிடுவதும் அதே அளவு முக்கியம். திறந்த மறுகணமே அலுமினியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். அது நல்ல தோல், பெயின்ட் அதன் மேல் ஒட்டும். தேய்த்து முடித்த பெட்டியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து ‘வழவழப்பாக வந்திருக்கிறது’ என்று மகிழ்வதுதான் கூடாது.

இனி எழுத்து. வீட்டில் செய்பவர்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் லேசர் பிரின்டர். அது பேனாவைப்போல எழுதுவதில்லை. டோனர் என்பது மை அல்ல, கரிநிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். ஒரு துகள் சுமார் 5 முதல் 10 மைக்ரான்; தலைமுடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மின்னேற்றம் பெற்ற உருளையில் லேசர் ஒளி எழுத்து வடிவத்தை வரையும், தூள் அந்த வடிவத்தில் ஒட்டும், தாளுக்கு மாறும், சூடான உருளை அதை உருக்கித் தாளோடு அழுத்தும்.

மின்னேற்றம் தூளைப் பிடித்து வைக்கும் என்பது பழைய செய்தி. ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1777-இல் கியோர்க் லிக்டன்பெர்க், மின்னேற்றிய பிசின் பலகையில் தூள் படிந்து மரக்கிளைபோன்ற உருவங்கள் தோன்றுவதைக் கண்டார். அந்த உருவங்களின் மேல் தாளை அழுத்தி எடுத்துப் பாதுகாக்கவும் செய்தார். அதை எழுத்துக்குப் பயன்படுத்த 161 ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சின்ன அறையில், 1938 அக்டோபர் 22 அன்று, செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னெயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியையும் இடத்தின் பெயரையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் வடிந்தது. லைகோபோடியம் என்ற செடித்தூளைத் தூவி ஊதியபோது எழுத்து மட்டும் தூளாக நின்றது. கார்ல்சன் அடுத்துச் செய்ததைத்தான் பெடல் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். மெழுகுத் தாளை அதன் மேல் அழுத்திச் சூடாக்கினார்; தூள் தகட்டை விட்டுத் தாளுக்குப் போய்விட்டது. உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதியே ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்குச் சூட்டால் மாற்றிய எழுத்துதான்.

பெடல்காரர்கள் அந்த வழியில் இன்னும் ஒரு படி வைக்கிறார்கள். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிப் பளபளப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரின்டரில் அச்சிடுவார்கள். தாளைப் பெட்டியின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார்கள். டோனர் மறுபடியும் இளகி உலோகத்தைப் பிடிக்கும். பிறகு தண்ணீரில் ஊற வைத்தால் தாள் கூழாகி வந்துவிடும், எழுத்து உலோகத்தில் நிற்கும். பளபளப்பான தாள் எதற்கு? அந்தப் பளபளப்பு வெள்ளைக் களிமண் பூச்சு. டோனர் அதன் மேல்தான் படிந்திருக்கும், தாளின் நாருக்குள் இறங்கியிருக்காது. களிமண் பூச்சு தண்ணீரில் தளரும். அதாவது எந்த இடைப்பரப்பு பிய்ய வேண்டும் என்று நாமே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருக்கிறோம். சாதாரணத் தாளில் அச்சிட்டால் நாரும் டோனரும் பின்னிக்கொண்டு, பிய்வது உலோகத்தின் பக்கமாகிவிடும்.

இதில் பலர் தோற்பது ஓரங்களில். அலுமினியம் வாங்கிய சூட்டை ஓரிடத்தில் தங்க விடாமல் இழுத்துக்கொண்டு போகும். இஸ்திரிப் பெட்டி நிற்கும் நடுப்பகுதி சூடாக இருக்கும்போது மூலை ஆறிக்கொண்டிருக்கும். மூலையில் டோனர் இளகாது. பெட்டியை முதலிலேயே நன்றாகச் சூடேற்றிக்கொண்டு தாளை வைப்பது இதற்கு மருந்து.

இப்படிப் பெட்டியில் ஏற்றிய டோனர் தானே எழுத்தாக இருக்கலாம். ஆனால் கெட்டிக்காரர்கள் அதைக் கவசமாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். அரிக்கக் கூடாத இடங்களை டோனர் மூடியிருக்க, திறந்திருக்கும் உலோகத்தை ரசாயனம் அரிக்க விடுவார்கள். உலோகத்தில் சித்திரம் அரிக்கும் இந்தக் கலை ஐரோப்பாவில் போர்க்கவசங்களை அலங்கரித்தவர்களிடம் இருந்தது. ஆக்ஸ்பர்க் நகரின் டேனியல் ஹோப்ஃபர், 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதை இரும்புத் தகட்டில் செய்து தாளில் அச்செடுக்கும் கலையாக்கினார். அன்று கவசமாக மெழுகு இருந்த இடத்தில் இப்போது டோனர் இருக்கிறது, வேறு பெரிய மாற்றம் இல்லை.

சர்க்யூட் போர்டில் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு பலரிடம் ஏற்கெனவே இருக்கும். அதை அலுமினியத்தின் மேல் அப்படியே ஊற்றினால் கொதித்துப் பொங்கும். அந்தச் சூட்டில் டோனர் கவசமே கழன்றுவிடலாம். சாந்தமான வழி மயில்துத்தமும் சமையல் உப்பும் கலந்த கரைசல். மயில்துத்தம் மட்டும் என்றால் ஆக்சைடு தோல் அதைத் தடுத்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலை உடைத்து வழிவிடும். பிறகு ஒரு பண்டமாற்று: அலுமினியம் கரைசலுக்குள் போகும், செம்பு வெளியே வந்து செங்கல் நிறப் பஞ்சாகப் படியும். நடப்பது இதுதான் என்று எப்படித் தெரியும்? படிந்த பஞ்சின் நிறம் ஒரு சாட்சி. கரைசலின் நிறம் வெளுத்துக்கொண்டே போவது இன்னொரு சாட்சி. நிறம் தந்தது செம்பு, அது கரைசலை விட்டுக் கிளம்பிவிட்டது. பஞ்சைத் தூரிகையால் அடிக்கடி துடைத்தால்தான் கீழே அரிப்பு தொடரும். குமிழாக வருவது ஹைட்ரஜன் வாயு. ஆகவே திறந்த வெளி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை வேண்டும்; அருகில் நெருப்பு கூடாது. மிச்சக் கரைசலைச் சாக்கடையில் விடக்கூடாது. செம்பு மீனுக்கும் நீர்ச்செடிக்கும் விஷம்.

அரித்த பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட்டை அப்பி, காய்ந்ததும் மேட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் வெள்ளி நிற உலோகத்தில் கறுப்பு எழுத்து நிற்கும். மிதிப்பவரின் செருப்பு மேட்டைத்தான் தொடும், பள்ளத்தைத் தொடாது. விசைப்பலகையின் இரண்டு நிறப் பிளாஸ்டிக்குக்கு வீட்டில் கிடைக்கும் பதில் இதுதான். என்னைக் கேட்டால், பெடல் முகப்புகளில் அழகானவை பெரும்பாலும் இந்த வகைதான். நிறம் குறைவாக இருப்பதே அதன் கம்பீரம்.

நிறம் வேண்டுமென்பவர்கள் போவது டெக்கால் தாளுக்கு. விமான மாதிரிகளில் பிள்ளைகள் ஒட்டும் அதே தாள். கெட்டித் தாள், அதன் மேல் டெக்ஸ்ட்ரின் என்ற பசை, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம், படலத்தில் நம் அச்சு. டெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை வறுத்துப் பெறும் பசை. தண்ணீர் பட்டால் கரையும். அரை நிமிடம் ஊற வைத்தால் படலம் தாளிலிருந்து வழுக்கி நகரும், பெட்டியின் மேல் தள்ளிவிட்டுத் தண்ணீரைத் துடைத்தெடுக்கலாம். தபால் தலை சேர்த்தவர்கள் உறையை ஊற வைத்துத் தலையைக் கழற்றியதும் இதே தந்திரத்தால்தான். இங்க்ஜெட் பிரின்டரில் அச்சிட்டால் மையே தண்ணீரில் கரைந்துவிடும், முதலில் தெளிப்பு வார்னிஷால் மூட வேண்டும். டோனருக்கு அந்தக் கவலை இல்லை.

கறுப்புப் பெட்டியில் மஞ்சள் எழுத்தை டெக்காலில் ஒட்டி, எழுத்தே தெரியவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. தாள் வெள்ளையாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதன் நிறங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. வெள்ளைத் தாளிலிருந்து திரும்பும் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை விடுவதே அந்த மைகளின் தொழில். அடியில் கறுப்பு இருந்தால் திரும்பி வர ஒளியே இல்லை. வெளிர்ப் பெட்டி, அல்லது வெள்ளைப் படலத்தாள், இரண்டில் ஒன்று வேண்டும். புற ஊதா ஒளியில் இறுகும் மை கொண்ட அச்சு இயந்திரங்கள் வெள்ளையையும் போடும். ஆனால் அது கடைக்குப் போய்க் காசு கொடுத்துச் செய்யும் வேலை.

டெக்காலின் இன்னொரு நோய் வெள்ளிப் பூச்சு போலத் தெரிவது. கண்ணாடிபோன்ற படலம், ஒட்டியதும் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் பூத்ததுபோல இருக்கும். கரடான பெயின்ட்டின் மேடு பள்ளங்களில் படலத்துக்கு அடியில் காற்று சிக்கிக்கொள்வதுதான் காரணம். பிளாஸ்டிக்கில் ஒளி காற்றில் போவதைவிட மெதுவாகப் போகிறது. வேகம் அப்படி மாறும் ஒவ்வோர் எல்லையிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். ஆயிரக்கணக்கான சின்னக் காற்றறைகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் திருப்பினால் மொத்தமும் வெளுப்பாகத் தெரியும். வெளுத்த இடத்தில் ஊசியால் மெல்லக் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தில் ஒரு துளி விட்டால் வெளுப்பு மறையும். காற்றின் இடத்தைத் திரவம் பிடித்ததும் எல்லைகள் காணாமல் போகின்றன. காற்றுதான் குற்றவாளி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வராமல் தடுக்க, ஒட்டுவதற்கு முன் பெட்டிக்கு ஒரு பளபளப்பான பூச்சு கொடுத்து மேடு பள்ளத்தை நிரப்பிவிட வேண்டும். ஒட்டுவதற்குச் சொரசொரப்பு நல்லது என்று மேலே சொன்னேன்; அது உலோகத்துக்கும் முதல் பூச்சுக்கும் இடையே. டெக்காலுக்கு வழவழப்பு வேண்டும்.

எழுத்து நின்றுவிட்டது, சரி. படிக்க முடிகிறதா? படம் வரைபவர் கணினித் திரையில் அரை மீட்டர் தூரத்தில் பார்க்கிறார். வாசிப்பவரின் கண்ணுக்கும் தரையிலுள்ள பெட்டிக்கும் ஒன்றரை மீட்டர். கண் மருத்துவரிடம் நாம் படிக்கும் எழுத்துப் பலகையை நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெலன் 1862-இல் வகுத்தார். நல்ல பார்வைக்கு அவர் வைத்த அளவுகோல், கண்ணில் 5 கலை கோணத்தை அடைக்கும் எழுத்து. ஒரு கலை என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டரில் அது சுமார் 2.2 மி.மீ. உயரம். அது கண் தோற்கும் எல்லை. சிரமமில்லாமல் படிக்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, அதாவது 6 மி.மீ.க்குப் பக்கம் வேண்டும். 60 மி.மீ. அகலப் பெட்டியில் மூன்று குமிழ் என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 மி.மீ. இடம். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லையே அந்த உயரத்தில் அங்கே அடைக்க முடியாது. பெடல்களில் பெயர்கள் மூன்றெழுத்தாகக் குறுகுவதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். தமிழில் எழுத விரும்புபவருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் தேவை. ன, ண இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. அந்தச் சுழி தெரிய வேண்டுமே. கொம்பும் காலும் பக்கவாட்டில் இடம் கேட்கும்.

இடம் என்றதும் இன்னொரு கணக்கு. வாசிப்பவர் நேர் மேலிருந்து பார்ப்பதில்லை. கொஞ்சம் பின்னால் நின்று சாய்வாகப் பார்க்கிறார். கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில், பெட்டிக்கு 40 செ.மீ. பின்னால் என்றால், 15 மி.மீ. உயரக் குமிழ் தனக்கு அப்பால் 4 மி.மீ. அகலத்தை மறைக்கும். பெயரைக் குமிழுக்கு அப்பால் ஒட்டிப் போட்டால் பாதி போச்சு.

மேடை விளக்கு அடுத்த எதிரி. வெள்ளைப் பெட்டியில் சிவப்பு எழுத்து பகலில் கண்ணைப் பறிக்கும். மேடையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் எழுத்து காணாமல் போகும். சிவப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்புகிறது. வெள்ளையும் அந்தச் சிவப்பைத்தான் திருப்புகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. செல்போன் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றி இருட்டறையில் மாதிரித் தாளைப் பார்த்தால் பெட்டியில் ஏற்றும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். கறுப்புக்கு எதிராக வெள்ளை எந்த விளக்கிலும் பிழைக்கும். நிற வேறுபாட்டை நம்பாமல் வெளிச்ச வேறுபாட்டை நம்பி வரைய வேண்டும்.

பெயர் எதுவாக இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. அமெரிக்காவின் கலமசூ நகரின் ப்ரோ கோ நிறுவனத்திலிருந்து வந்த ராட் பெடலில் ஒரு குமிழுக்கு ‘டோன்’ என்று பெயரில்லை, ‘ஃபில்டர்’ என்று போட்டார்கள். வழக்கமான டோன் குமிழை வலப்புறம் திருப்பினால் ஒலி கூர்மையாகும். ராட்டில் வலப்புறம் திருப்பினால் மழுங்கும், வடிகட்டல் கூடுகிறது. பெயர் சுற்றோடு பொருந்துகிறது.

எழுத்துக்கு மேல் தெளிவான வார்னிஷ் பூச்சு. இதுதான் உண்மையில் மிதியை வாங்கும் அடுக்கு, இங்கேதான் அவசரம் அதிகம். சாதாரண லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் மட்டும் இறுகுகிறது. அதே கரைப்பான் மறுபடி பட்டால் மறுபடி கரையும். முதல் தெளிப்பையே ஈரமாக அடித்தால் கரைப்பான் டோனரையும் டெக்காலையும் தாக்கிச் சுருக்கிவிடும். தூரத்திலிருந்து தூவானமாக ஓரிரு பூச்சு, அது காய்ந்த பிறகு ஈரப்பூச்சு. இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் வகையில் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலையாகின்றன. இந்தக் குறுக்கிணைப்பு நடந்துவிட்டால் கரைப்பான் அதைப் பிரிக்க முடியாது. அதனால்தான் கார்களுக்கு அதை அடிக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது, தகுந்த சுவாசக் கருவி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் பூச்சு பால்போல வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாக இறங்கிப் பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் ஏறிய நேரத்தில் அடிப்பதும் பெட்டியை இளஞ்சூடாக வைத்துக்கொள்வதும் இதற்குப் போதும்.

உள்பக்கத்துக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். அலுமினியப் பெட்டி அழகுக்காக மட்டும் இல்லை. வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சுற்றுக்குள் நுழையாமல் தடுக்கும் கூண்டு அது. கூண்டு வேலை செய்ய, கிதார் கேபிளைச் செருகும் ஜாக்கின் உலோகம் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட வேண்டும். நடுவில் பெயின்ட் வந்தால் தொடர்பு அறுந்து பெடல் முனக ஆரம்பிக்கும்.

பவர் சாக்கெட் அருகே இருக்க வேண்டிய குறியைப் பலர் போடாமலே விடுகிறார்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். ஆனால் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் ஃபேஸைப் பார்த்துச் செய்ததில் பிளஸ்தான் பெட்டியோடு சேர்ந்திருக்கும். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் சங்கிலியில் செருகினால் அடாப்டர் ஷார்ட் ஆகும். முகப்பில் என்ன படம் இருந்தாலும் அந்தச் சின்னக் குறி இல்லாத பெட்டி முடிந்த பெட்டி இல்லை.

எல்லாம் காய்ந்த பிறகும் எழுத்தைக் கொல்லும் ஒன்று மிச்சம் இருக்கிறது: நட்டு. சுவிட்சின் நட்டை முறுக்கும்போது வாஷரும் சேர்ந்து சுழன்று படலத்தைத் திருகும். துளையின் ஓரத்தில் தொடங்கும் கிழிசல் எழுத்துவரை ஓடும். துளையைச் சுற்றி டெக்காலை வாஷரின் அளவுக்கு வெட்டி நீக்கிவிட்டு, நைலான் வாஷர் போட்டு, உள்பக்கத்தில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் தப்பிக்கலாம்.

இத்தனையும் சரியாக வந்ததா என்று பெயின்ட் தொழில்காரர்கள் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 2409 என்ற தர விதியில் அது இருக்கிறது. கூரான கத்தியால் பூச்சின் மேல் உலோகம்வரை இறங்கும் ஆறு இணைகோடுகள், குறுக்கே ஆறு. சின்னச் சதுரங்களின் கட்டம். அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். ஒரு சதுரமும் வரவில்லை என்றால் மதிப்பெண் 0, அதுதான் முதலிடம், மோசமானது 5. மதிப்பெண்ணைவிட நாடாவின் ஒட்டும் பக்கம்தான் அதிகம் பேசும். அதில் பெயின்ட் வந்திருந்து பெட்டியில் வெற்று உலோகம் தெரிந்தால் முதல் நாள் கழுவியது போதவில்லை. தெளிந்த வார்னிஷ் மட்டும் வந்திருந்தால் பூச்சுகளுக்கு நடுவே அவசரப்பட்டிருக்கிறோம். டெக்கால் முழுதாக வந்திருந்தால் அதற்கு அடியில் காற்றோ பசையோ மிச்சம். கட்டம் கீறுவதற்குப் பெட்டியின் அடிமூடி போதும். அதையும் முகப்போடு சேர்த்தே பூசி, சேர்த்தே காய வைத்திருந்தால் சரி. அது எப்படியும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கப்போகிறது.